பாலத்தின் உச்சி வரை

பாலத்தின் உச்சி வரை எல்லாம் இருக்கிறது. அதுவரைக்கும் ஒரு விளக்குக் கம்பம் விடாமல் மட்டுவார்குழலியால் சொல்லிவிட முடியும். செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பது மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கலாம். முன்னால் போன ஆட்டோவின் முதுகில் இரண்டு பெண் குழந்தைகளின் பெயர்கள், அதில் கீர்த்தியின் ஒற்றுப்புள்ளி உதிர்ந்து கீரத்தி ஆகியிருந்தது. ஸ்கூட்டரின் முன்கொக்கியில் சாப்பாட்டுப் பை, அதற்குள் புளிக்குழம்பு டப்பாவின் மூடியைச் சரியாக அழுத்தினோமா என்று ஒரு சின்ன நமைச்சல். உச்சியில் எப்போதும் போலக் காற்று கொஞ்சம் கூடுதல், புடவைத் தலைப்பு படபடத்தது, அதை இடது முழங்கையால் அழுத்திக்கொண்டாள். அந்த அழுத்தம்கூட முழங்கையில் இருக்கிறது. அதன் பிறகு பாலம் இறங்குகிறது. இறங்கினால் சிக்னல். பதினொரு வருஷமாக இறங்குகிற பாலம், பதினொரு வருஷமாக நிற்கிற சிக்னல். அதன் பிறகு அவள் நடுரோட்டில் ஹெல்மெட்டோடு நின்றுகொண்டிருக்கிறாள், ஸ்கூட்டர் பக்கத்தில் படுத்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறது, எதிரே ஒரு மனிதர் தார்மேல் உட்கார்ந்து, தன் வலது பாதம் திரும்பக் கூடாத பக்கமாகத் திரும்பியிருப்பதைப் பார்த்தபடி, "என் செருப்பு எங்கம்மா?" என்று அவளிடம் கேட்கிறார். கோபமே இல்லாமல் கேட்கிறார். உச்சிக்கும் செருப்புக்கும் நடுவில் ஒன்றுமில்லை. இருட்டு கிடையாது. இருட்டாக இருந்தால் இருட்டாக இருந்தது என்றாவது சொல்லலாம். ஒரு துணியில் இரண்டு பக்கத்தையும் சேர்த்துத் தைத்துவிட்டால் நடுவில் வெட்டியெடுத்த துண்டு எங்கே போயிற்று என்று தெரியாதே, அப்படி.

அது நடந்து நாற்பத்தியொரு நாள் ஆகிறது. இப்போது மணி நாலேகால். கண்டோன்மென்டில் கோர்ட்டுக்கு எதிர்வரிசையில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே முதல் மாடியில், வக்கீல் லூர்துசாமியின் ஆபீஸ் முன்னறையில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்து நாற்காலியில் கணவர் தியாகேசன், மடியில் பிளாஸ்டிக் ஃபைல். ஃபைலுக்குள் எஃப்ஐஆர் நகல், அவளுடைய ஆதார் நகல், வண்டியின் ஆர்.சி. நகல், கோர்ட்டிலிருந்து வந்த சம்மன். லைசென்ஸ் இல்லை, அதைப் போலீஸ் வாங்கி ஆர்டிஓவுக்கு அனுப்பிவிட்டது. சார் கோர்ட்டிலிருந்து வருகிற நேரம்தான் என்று குமாஸ்தா இரண்டு தடவை சொல்லிவிட்டார். சுவரோரம் கண்ணாடி அலமாரி நிறையச் சிவப்பு முதுகுப் புத்தகங்கள், எல்லாம் ஒரே உயரம், ஒரே தடிமன். மேலே ஃபேன் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை டிக் என்றது. அவள் எண்ண ஆரம்பித்து, எதற்கு என்று விட்டுவிட்டாள். "நல்லா ஞாபகம் வச்சுக்க," என்று தியாகேசன் தாழ்ந்த குரலில் ஆரம்பித்தார். "பச்சை விழுந்து மூணு செகண்டாவது ஆயிருந்துச்சு. நீ மெதுவாத்தான் வந்தே. அந்த ஆளுதான் டிவைடர்லேருந்து திடுதிப்புன்னு இறங்கிட்டான்." அவர் அங்கே இல்லை. அந்த நேரத்தில் அவர் மின்வாரிய அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். முதல் நாள் அவர் கேட்டது, "பச்சையாத்தானே இருந்திருக்கும்?" மறுநாள் தன் தம்பிக்குப் போனில், "பச்சைதான்டா." ஒரு வாரத்தில் பச்சைக்கு மூன்று செகண்ட் கூடிவிட்டது. இப்போது அந்த மனிதர் டிவைடரிலிருந்து இறங்குகிறபோது எந்தக் காலை முதலில் வைத்தார் என்றுகூட அவரால் சொல்ல முடியும் போலிருக்கிறது. பொய் சொல்கிறார் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அவருக்கு நிஜமாகவே தெரிகிறது. அதுதான் பயமாக இருந்தது. பயம் என்றால் எங்கோ தூரத்தில், அடுத்த வீட்டில் யாரோ பயந்துகொண்டிருப்பது போல. முந்தாநாள் சப்பாத்தி மாவு பிசையும்போது சட்டென்று அவளுக்கும் தெரிந்தது. பாலத்தின் அடியில், புழுதி படிந்த இலை நடுவே, வட்டமாக ஒரு பச்சை. கையை மாவிலிருந்து எடுக்காமல் அப்படியே நின்றாள். இது நான் பார்த்ததா, அவர் சொன்னதா? இன்னும் பத்து நாள் போனால் கேள்வியே மறந்துபோய்ப் பச்சை மட்டும் நின்றுவிடும்.

இது அவளுடைய தொழில் வேறு. அரசு ஆஸ்பத்திரியில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவின் கோடியில், கம்பளி ஒட்டிய சின்ன அறைக்குள் ஆட்களை உட்காரவைத்து, காதில் ஹெட்ஃபோன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்து, "சத்தம் கேட்டா அமுக்குங்க. லேசாக் கேட்டாலும் அமுக்குங்க. கேக்கலைன்னா சும்மா இருங்க," என்று இருபது வருஷமாகச் சொல்லிவருகிறாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவள் ஒலியைக் குறைத்துக்கொண்டே போவாள். சிலர், ஒலி நின்ற பிறகும் அமுக்கிக்கொண்டிருப்பார்கள். ஏமாற்றுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் எதிரே இருக்கிற அம்மாவுக்கு ஏமாற்றமாகிவிடக் கூடாது என்று அமுக்குகிறவர்கள். கேட்கவேண்டும் கேட்கவேண்டும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தால் காது தானாகவே ஒரு சத்தத்தைச் செய்துகொடுத்துவிடும். அப்படி அமுக்கினால் அவள் கதவைத் திறந்து, கோபப்படாமல், மறுபடியும் முதலிலிருந்து சொல்வாள். தப்பு ஒன்றுமில்லீங்க, கேக்கலைன்னா கேக்கலைன்னு இருக்கறதுதான் எனக்கு வேணும். ஒருவர், ரயில்வேயில் இருந்து ரிட்டையர் ஆனவர், ஒரு தடவை அவளிடம் திருப்பிக் கேட்டார், "நீங்க சத்தம் குடுத்தீங்களா இல்லையான்னு உங்களுக்குத் தெரியும். எனக்கு எப்படிம்மா தெரியும்?" அவள் சிரித்திருக்கிறாள். அன்றைக்கு அது வேடிக்கையாக இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் உட்கார்ந்து, குறிப்பெடுத்து, உனக்குக் கொடுத்தோம், நீ கேட்கவில்லை என்று சொன்னால் போதும் என்று இப்போது இருக்கிறது. அதற்காகத்தான் வக்கீலிடம் வந்திருக்கிறாள். தியாகேசன் வந்தது கேஸ் ஜெயிக்க. அவள் வந்தது, அந்தச் சிக்னல் கம்பத்தில் ஒரு கேமரா இருப்பதை ஒவ்வொரு நாளும் பார்த்திருக்கிறாள், அது படம் எடுத்திருக்கும், வக்கீலாக இருந்தால் கேட்டு வாங்கமுடியும், அதற்காக.

என்ன யோசித்துக்கொண்டு வந்தாய் என்று எல்லோரும் கேட்டார்கள். இன்ஸ்பெக்டர் கேட்டார். போன் பேசினீர்களா, இல்லை. மயக்கமா, இல்லை. வீட்டில் ஏதாவது சண்டையா? இல்லை சார். சண்டை போட்டே வருஷக்கணக்காகிறது. பெங்களூரிலிருந்து மகள் நிரஞ்சனா கேட்டாள், "எதையோ மனசுல போட்டு உழப்பிக்கிட்டு வந்திருக்கேம்மா, சொல்லு." ஒன்றுமில்லை என்ற பதிலை யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. தலையை ஸ்கேன் எடுத்தார்கள், வயர்களை ஒட்டி நெளிநெளியாகக் கோடு எடுத்தார்கள், நரம்பு டாக்டர் அவள் பணிபுரியும் ஆஸ்பத்திரிக்காரர்தான், காகிதத்தை நீட்டி எல்லாம் நார்மல் குழலி, ரெஸ்ட் எடு என்றார். தியாகேசனுக்கு முகம் தொங்கிவிட்டது. வியாதியாக இருந்தால் கோர்ட்டில் காட்டலாம். அவளுக்கும் ஏமாற்றம்தான். வியாதியாக இருந்தால் அதற்கு ஒரு ஆரம்பம் இருக்கும். இப்போது, அந்த அரை நிமிஷம் மட்டும்தான் காணோமா, வேறும் காணோமா என்று ராத்திரி பகல் பாராமல் கை தானாகத் துழாவுகிறது. நிரஞ்சனாவின் கல்யாணம். மண்டபத்தின் வாசல், மாப்பிள்ளை வீட்டார் இறங்கின வேன், மஞ்சள் புடவையில் தான். ஆனால் அது ஆல்பத்தில் இருக்கிற மஞ்சள் புடவை, ஆல்பத்தின் ஏழாவது பக்கம். ஆல்பத்துக்கு வெளியே ஏதாவது இருக்கிறதா? தாலி கட்டும்போது தான் எந்தப் பக்கம் நின்றோம்? கை எதையாவது பிடித்துக்கொண்டிருந்ததா? அம்மா இறந்த அன்றைக்கு யார் தனக்குக் காப்பி கொடுத்தது என்று தெரிகிறது, பக்கத்து வீட்டு விசாலம், நுரை இல்லாத காப்பி, அதில் ஆடை மிதந்தது. அம்மாவின் முகத்தைக் கடைசியாகப் பார்த்தோமா? பார்த்திருப்போம். எல்லோரும் பார்ப்பார்கள், தானும் பார்த்திருப்போம். இருந்திருக்கும், பார்த்திருப்போம், சொல்லியிருப்போம். எல்லாம் இப்படியே முடிகிறது. தினமும் சமைத்திருக்கிறாள், தினமும் ஓட்டியிருக்கிறாள், ஒரு நாள்கூட லேட் இல்லை, ஒரு ஆளையும் இடிக்கவில்லை. அந்தப் பதினொரு வருஷமும் அந்த வண்டியை யார் ஓட்டினார்கள்?

இடிபட்டவர் பெயர் பெரியண்ணன். வயது ஐம்பத்தேழு. ஜவுளிக்கடை ஒன்றில் லிஃப்ட் ஓட்டுகிறவர். அவரை ஆம்புலன்ஸில் அவளுடைய ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்து, எலும்பு வார்டில் சேர்த்தார்கள். அவளுடைய கம்பளி அறையிலிருந்து இரண்டு கட்டடம் தள்ளி. போய்ப் பார்க்காதே, பார்த்தால் தப்பை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று தியாகேசனும், வார்டு நர்ஸும், இப்போது அவளை வேலைக்குக் கொண்டுவிடுகிற ஆட்டோ டிரைவர்கூடச் சொன்னார்கள். பன்னிரண்டு நாள் அவர் அங்கே இருந்தார். ஒன்பதாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் அவள் எழுந்து போனாள். வார்டு வாசல் வரைக்கும் போனாள். நாலாவது கட்டிலில் பாதத்தில் இரும்புச் சட்டம் மாட்டி ஒருவர், பக்கத்தில் ஒரு அம்மாள் ஆரஞ்சை உரித்து நாரை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள். அவர்தானா என்று அவளுக்குத் தெரியவில்லை. செருப்பைக் கேட்ட முகத்தை அவள் பார்க்கவில்லை, குரலைத்தான் கேட்டாள். அந்த அம்மாள் நிமிர்ந்து, யாரையோ தேடுகிறாள் என்று நினைத்து, "யாரு வேணும்ங்க?" என்றாள். "இல்லைங்க," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். வருத்தமாக இருக்கவேண்டிய இடத்தில் வருத்தம் இல்லை. பல் பிடுங்கின அன்று நாக்கால் தொட்டுப்பார்த்தால் உதடு வேறு யாருடையதோ போல இருக்குமே, அந்த மாதிரி.

ஐந்தேகாலுக்கு வக்கீல் வந்தார். அறுபது வயது இருக்கும், கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு, கழுத்துப் பட்டையைக் கழற்றிச் சட்டைப்பையில் திணித்திருந்தார். உள்ளே போய் முகம் கழுவுகிற சத்தம் கேட்டது. பிறகு குமாஸ்தா இவர்களைக் கூப்பிட்டார்.

"மட்டுவார்குழலி," என்று ஃபைலைத் திறந்தபடியே வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார் லூர்துசாமி. "மலைக்கோட்டை அம்மன் பேரு. இப்பல்லாம் யாரு வைக்கிறா? எஃப்ஐஆர்ல 'மட்டவர்'னு எழுதியிருக்கான் பாருங்க. உக்காருங்கம்மா. நீங்க அரசு ஊழியர், இல்லையா?"

"ஆமாம் சார். ஆடியோமெட்ரி டெக்னீஷியன்."

"அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி, சிக்னலை மதிக்காமல், கொடுங்காயம்." விரலால் வரியைத் தடவிக்கொண்டே போனார். "எல்லாக் கேஸ்லயும் இதே வரிதான். பயப்படாதீங்க. போன் பேசினீங்களா?"

"இல்லை சார்."

"சரி. சிக்னல் என்ன கலர்?"

"பச்சை சார்," என்றார் தியாகேசன்.

வக்கீல் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். "நீங்க பின்னாடி உக்காந்திருந்தீங்களா?"

"இல்லை சார், நான் ஆபீஸ்ல…"

"அப்ப அம்மா சொல்லட்டும்."

குழலி வாயைத் திறந்தாள். பச்சை நாக்கின் நுனியில் தயாராக உட்கார்ந்திருந்தது, வழவழவென்று, பழகின சொல்லாக. "தெரியலை சார்," என்றாள். "பாலத்து உச்சி வரைக்கும் தெரியும். அப்புறம் தெரியாது. அந்தக் கேமராவுல பார்த்தாத் தெரிஞ்சுடும் இல்லையா?"

"எந்தக் கேமரா?"

"சிக்னல் கம்பத்துல இருக்கே."

லூர்துசாமி முகத்தில் அன்று முதல்தடவையாக ஒரு சந்தோஷம் வந்தது. "அதான் உங்க நல்ல நேரம். அது ரெண்டு மாசமா ரெக்கார்டே ஆகலை. பதிவு இல்லைன்னு சார்ஜ் ஷீட்லயே எழுதிக் குடுத்துட்டாங்க. சாட்சின்னு போட்டிருக்கறது ஒரு பழக்கடைக்காரர், அவரு சத்தம் கேட்டுத்தான் திரும்பியிருக்காரு. ஆக, சிக்னல் என்ன கலர்னு இந்த உலகத்துல யாருக்கும் தெரியாது."

உலகத்தில் யாருக்கும் தெரியாது. அவர் அதை ஒரு பரிசைத் தூக்கி மேஜைமேல் வைப்பது போல வைத்தார். அவளுக்குக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த நாற்காலியில் யாரும் இல்லை என்பது தெரிந்தது. நாற்காலி சுழன்றுகொண்டிருந்தது, குறிப்பு நோட்டு வெள்ளையாக இருந்தது. இத்தனை நாள் அவள் எதன்மேல் சாய்ந்திருந்தாளோ அது சத்தமில்லாமல் நகர்ந்துகொண்டது. விழவில்லை. விழுகிற உணர்ச்சிகூட வரவில்லை. வக்கீல் பேசிக்கொண்டே இருந்தார். நீங்கள் பச்சை என்றும் சொல்லவேண்டாம், சிவப்பு என்றும் சொல்லவேண்டாம், வாயே திறக்கவேண்டாம், நிரூபிக்கவேண்டியது அவர்கள் பொறுப்பு, இரண்டு வருஷம் ஓடும், வாய்தாவுக்கு நான் போய்க்கொள்வேன், கடைசியில் விடுதலை, அதை விட்டுவிட்டு ஒப்புக்கொண்டால் அபராதத்தோடு ஒரே நாளில் முடியும், ஆனால் தண்டனை என்று பதிவாகிவிடும், துறையில் விளக்கம் கேட்பார்கள், சூப்பர்வைசர் போஸ்டுக்கு உங்கள் பெயர் இருக்கிறதாமே, உங்கள் வீட்டுக்காரர் போனில் சொன்னார், அது போய்விடும், லைசென்ஸையும் மறந்துவிடலாம். எல்லாம் சரியான தமிழில், வரிசையாக, நல்ல மனதோடு சொன்னார். அவளுக்கு அவர்மேல் ஒரு மரியாதை வந்தது. இவரும் தன்னைப் போலத்தான் வருஷக்கணக்காக ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருப்பார், ஒவ்வொரு ஆளுக்கும் புதிதாகச் சொல்வது போல.

"அவரு என்ன சொல்லியிருக்காரு சார்?" என்று கேட்டாள். "பெரியண்ணன்."

"வாக்குமூலம் இருக்கு." பக்கங்களைப் புரட்டினார். "நமக்கு இதுலதான் நல்ல பாயிண்ட். கேளுங்க." போலீஸ்காரர் எழுதின தமிழை அவர் ராகமில்லாமல் படித்தார். "'நான் வேலைக்குச் செல்வதற்காகச் சாலையைக் கடக்க நின்றிருந்தேன். அப்போது பாலத்திலிருந்து ஸ்கூட்டரில் ஒரு பெண்மணி இறங்கி வந்தார். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்ததால், என்னைப் பார்த்துவிட்டார், நிறுத்திவிடுவார் என்று நினைத்து நான் சாலையில் இறங்கினேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே வந்து என்மீது மோதினார்.'" பேனாவால் தட்டினார். "பார்த்தீங்களா? 'நினைத்து.' சிக்னலைப் பார்த்து இறங்கினேன்னு சொல்லலை. உங்களை நம்பி இறங்கியிருக்காரு. குறுக்கு விசாரணையில இந்த ஒரு வார்த்தையைப் பிடிச்சா போதும்."

"அதான் சார், நான் அப்பவே சொன்னேன்," என்று ஆரம்பித்த தியாகேசன் ஏனோ பாதியில் நிறுத்திக்கொண்டார். மடியிலிருந்த ஃபைலின் மூலையை மடக்கினார், நிமிர்த்தினார்.

"இன்னொரு தடவை படிக்கிறீங்களா சார்," என்றாள் குழலி.

அவர் படித்தார். என் முகத்தையே பார்த்துக்கொண்டு. அவள் அந்த வாக்கியத்துக்குள் போய் நின்றுபார்த்தாள். பாலம் இறங்குகிறது. ரோட்டோரத்தில் ஐம்பத்தேழு வயதுக்காரர் ஒருவர், கையில் சாப்பாடு இருந்திருக்கும், அவருக்கும் நேரமாகியிருக்கும். எதிரே வருகிற பெண்ணின் கண் தன்மேல் இருப்பதைப் பார்க்கிறார். ஒரு நாளில் ஜவுளிக்கடையின் நாலு மாடிக்கும் ஆயிரம் முகங்களை ஏற்றி இறக்குகிறவர், முகத்தைப் படிக்கத் தெரிந்தவர். இந்த அம்மா பார்த்துவிட்டாள் என்று முடிவு செய்கிறார். ஒரு காலை எடுத்துவைக்கிறார். அந்தக் கண்ணுக்குப் பின்னால் யாருமே இல்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்? உடம்பில் ஏதோ ஒன்று மெல்ல, மரத்த காலில் ரத்தம் திரும்புகிறபோது முதலில் வருகிற அந்த அரிப்பு போல, தலைகாட்டிற்று. வலி என்று சொல்லமுடியாது. வலிக்கப்போகிறது என்ற செய்தி.

குமாஸ்தா வக்காலத்துத் தாளைக் கொண்டுவந்து, கையெழுத்து போடவேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு நீட்டினார்.

"சார், நான் ஒப்புக்கிறேன்," என்றாள் குழலி.

"குழலி," என்றார் தியாகேசன்.

லூர்துசாமி நாற்காலியில் சாய்ந்தார். "எதை ஒப்புக்கிறீங்க? சிக்னல் கலரே தெரியாதுன்னீங்களே."

"கலர் தெரியாது சார். அவரைப் பார்த்துக்கிட்டே வந்து இடிச்சிருக்கேன். அதை ஒப்புக்கிறேன்."

"பார்த்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"இல்லை." கொஞ்சம் யோசித்தாள். "எனக்கு இல்லை. அவருக்கு இருக்கு."

கீழே ஜெராக்ஸ் மெஷின் தாளைத் துப்பிக்கொண்டிருக்கிற சத்தம் கேட்டது. வக்கீல் பேனாவை மூடிவைத்தார். முப்பது வருஷ அனுபவத்தில் இதை வைக்க ஒரு அறை இருக்கிறதா என்று உள்ளே தேடிப்பார்க்கிறவர் மாதிரி இருந்தார். "அந்த ஆளை உடைக்கறதுக்கு எனக்கு ரெண்டு கேள்வி போதும்மா," என்றார் கடைசியில், குரலைத் தாழ்த்தி. "நீங்க அவர் பக்கம் சேர்ந்துக்கிட்டா நான் யாரை உடைக்கறது?"

"பிள்ளையை வளர்க்கற மாதிரி அந்தப் போஸ்டுக்குப் பதினாலு வருஷம் காத்திருந்தா சார்," என்றார் தியாகேசன். "வெறுமனே உக்காந்திருந்தாப் போதும்னு சொல்றீங்க, அது கூடச் செய்யமாட்டேங்கறா."

"நான் வெறுமனேதாங்க உக்காந்திருந்தேன்," என்றாள் குழலி. சண்டைக்காகச் சொல்லவில்லை. தெரிவித்தாள்.

வக்கீல் தாளை அவள் பக்கம் தள்ளினார். "ஒப்புக்கறதுக்கும் வக்கீல் வேணும். கையெழுத்துப் போடுங்க. பதினெட்டாம் தேதி வாய்தா. ஜட்ஜ் படிச்சுக் காட்டிக் கேப்பாரு, உண்மையான்னு. ஆமான்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான், அபராதம் கட்டிட்டு வந்துடலாம். இது அவரோட நஷ்டஈட்டுக் கேஸுக்கு உதவும், அதுல சந்தேகமில்லை. உங்களுக்கு உதவாது. நடுவுல மனசு மாறினா எனக்குப் போன் பண்ணுங்க. நான் வெயிட் பண்றேன்."

பென்சில் குறியின்மேல் அவள் முழுப்பெயரையும் எழுதினாள். எழுதும்போது ஒவ்வொரு எழுத்தாகக் கவனித்தாள். ழ-வின் வால் கோட்டுக்குக் கீழே இறங்கிற்று. இது நினைவில் நிற்குமா என்று கேட்டுக்கொண்டாள். நிற்கும் என்று உத்தரவாதம் ஒன்றுமில்லை.

படியில் தியாகேசன் முன்னால் இறங்கினார், அவள் பின்னால். கீழே வெயில் இறங்கி, கோர்ட்டு மதில் நிழல் ரோட்டைப் பாதி மூடியிருந்தது. கறுப்புக் கோட்டுக்காரர்கள் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் பைக்கை நெருக்கத்திலிருந்து மெல்லப் பின்னால் இழுத்துத் திருப்பினார். ஏறு என்று சொல்லவில்லை, ஸ்டார்ட் செய்யவும் இல்லை. ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி நின்றார். வக்கீல் வாக்குமூலத்தைப் படித்தபோது அவர் ஏன் பாதியில் நிறுத்தினார் என்பது அவளுக்கு அப்போது தட்டுப்பட்டது. அவருக்கு அந்த வரி புதிதில்லை.

"என்னங்க."

"ம்."

"உங்களையும் நான் அப்படித்தான் பார்க்கறேனா?"

அவர் ஹெல்மெட்டின் வாரைச் சரிசெய்தார். அது சரியாகத்தான் இருந்தது. "பழகிடுச்சு குழலி," என்றார். "வேலைக்குப் போற, வர்ற, சமைக்கிற. கேட்டாப் பதில் சொல்ற. இதுக்கு மேல என்னன்னு நான் விட்டுட்டேன். போலீஸ்ல அந்த ஆளு அதையே எழுதிக் குடுத்திருக்கான்."

அவள் அவரைப் பார்த்தாள். வேண்டுமென்றே, ஒரு அறைக்குள் நுழைகிறவள் விளக்கைப் போட்டுக்கொண்டு நுழைவது போல, நெற்றியிலிருந்து ஆரம்பித்தாள். காதோரம் முழுக்க நரைத்திருந்தது. கண்ணுக்குக் கீழே இரண்டு மடிப்பு. இடது புருவத்தை நடுவில் வெட்டிக்கொண்டு ஒரு வெள்ளைத் தழும்பு ஓடியது, அதில் மயிர் முளைக்கவில்லை, மூன்று தையலாவது போட்டிருப்பார்கள். அவள் கையை நீட்டி விரல்நுனியால் அதைத் தொட்டாள். ரோட்டில் வைத்து அவள் அப்படித் தொடுகிறவள் இல்லை. அவர் திகைத்து, ஆனால் விலகாமல் நின்றார்.

"இது எப்ப?"

"போன ஐப்பசியில. பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேனே."

"தையல் யாரு போட்டா?"

"உங்க ஆஸ்பத்திரியிலதான்," என்றார் தியாகேசன். "நீதான் கூட்டிட்டுப் போனே. போட்டு முடிக்கிற வரைக்கும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னே."